மனு ரசீதும் மாநாட்டுக் கூட்டமும்

பெரிய கட்சிகள் மீது வரும் கசப்பு திருவண்ணாமலை வட்டாரத்துக்குப் புதிதல்ல. குடியரசான பின் நடந்த முதல் தேர்தலிலேயே அது வாக்குப்பெட்டியில் விழுந்தது. 1952இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி இவ்வட்டாரம் அடங்கிய வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் 6 இடங்களையும், ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் பிடித்தன. விடுதலைக்கு உழைத்த கட்சி தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்ற வன்னிய உழவர்களின் குமுறல்தான் அந்த 25 இடங்கள். அடுத்து நடந்ததும் பழகிப்போன கதையே. ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேல் நாயக்கருக்கு இடம் கிடைத்தது. காமராஜர் காலத்தில் படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. குமுறல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

1957இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் நின்றபோது மக்களவைக்கு அதன் சார்பில் வென்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், மற்றவர் திருவண்ணாமலையில் இரா. தர்மலிங்கம். அதே தேர்தலில் இந்நகரின் சட்டமன்றத் தொகுதி ப.உ. சண்முகத்தைத் தேர்ந்தெடுத்தது. 1962இல் தொகுதி காங்கிரசிடம் திரும்பியது. 1963 இடைத்தேர்தலில் மீண்டும் தி.மு.க.விடம் போனது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் காமராஜர் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கிக் கட்சி வேலைக்குப் போனார். ஆட்சி நடக்கிறது, அடியில் கட்சி தேய்கிறது என்பதைக் கண்டுகொண்ட தலைவர் அவர். அப்படிக் கண்டுகொள்பவர்கள் எப்போதுமே குறைவு.

அன்றைய தி.மு.க.வின் பலத்துக்கு மேடைத் தமிழும் திரைப்படமுமே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி படிப்பகத்தில் இருந்தது. முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே பேசப்பட்ட குறை கிளைச் செயலாளர் வழியாக மேலே போனது. மேலே எடுத்த முடிவு அதே ஆள் வழியாகக் கீழே வந்தது. திட்டுவதற்கும் அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். வார்டும் ஒன்றியமும் குத்தகைதாரர்களின் கைக்குப் போன பிறகு அந்த வழி அடைபட்டது. வட்டச் செயலாளர் இன்றும் இருக்கிறார். அவர் மேலிருந்து ஆணையை வாங்கி வருகிறார், கீழிருந்து குறையை எடுத்துப் போவதில்லை.

அடைபட்ட வழிக்கு மாற்று எது என்பதைத் திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலிலும் பார்க்கலாம். அன்று மக்கள் குறைதீர்வு நாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை என்று மனுக்கள் வருகின்றன. வருபவர்களின் பைகளைக் காவலர்கள் சோதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். யாராவது மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வந்திருப்பாரோ என்ற அச்சம். மனுதாரர் நீட்டும் நெகிழிப் பையில் இன்றைய மனுவுக்கு அடியில் முந்தைய மனுக்களின் ரசீதுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரசீதிலும் ஓர் எண். பட்டாதான் வரவில்லை. நாடாளுமன்ற உரைகளையோ ஊழல் வழக்குகளின் ஆவணங்களையோ படித்து எந்தக் கிழவிக்கும் அரசியல் கசந்ததில்லை. அந்த ரசீதுக் கட்டு தடிக்கத் தடிக்கத்தான் கசக்கிறது.

இதோடு இரட்டைப் பேச்சும் சேர்கிறது. சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை 2018இல் அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர் சாலை இந்த மாவட்டத்து வயல்களின் குறுக்கே போவதாக இருந்தது. எதிர்த்தவர்களை அன்றைய அ.தி.மு.க. அரசு கைது செய்தது, எதிர்க்கட்சியான தி.மு.க. விவசாயிகளைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது ஊர்களில் பட்டாசு வெடித்தது. நான்காண்டு கழித்து, செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,174 ஏக்கர் எடுக்கும் திட்டம் வந்தது. விவசாயிகள் 100 நாட்களுக்கும் மேலாகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2023 நவம்பரில் தி.மு.க. அரசு அவர்களில் ஏழு பேரைக் குண்டர் சட்டத்தில் அடைத்தது. கண்டனம் எழுந்ததும் ஆறு பேர் மீதான நடவடிக்கையை விலக்கிக்கொண்டது. இம்முறை கண்டித்த கட்சி அ.தி.மு.க. வசனம் அதேதான், பேசியவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். இதைப் பார்த்த விவசாயி எல்லாரும் ஒன்றுதான் என்று முடிவுகட்டினால் அதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை.

2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை நகரின் அண்ணாமலை மலைச்சரிவு மண் வ.உ.சி. நகர் வீடு ஒன்றின் மீது சரிந்து ஏழு உயிர்கள் போயின. மலைச்சரிவில் வீடுகள் பெருகியதை எல்லா ஆட்சியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சாத்தனூர் அணை திறந்த வெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. இரண்டு நாள் கழித்து விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. சொல்லிக் கேட்க ஆள் இல்லாத ஊரில் கோபம் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஜனரஞ்சக அரசியல் உள்ளே நுழைகிறது. மக்கள் எல்லாரும் ஒன்று, அவர்களை ஏய்ப்பவர்கள் சிலர், அந்தச் சிலரை ஒழிக்க வந்தவர் ஒருவர்: உலகம் முழுவதும் அதன் கதைச் சுருக்கம் இவ்வளவுதான். இலவசம் தருவதையே ஜனரஞ்சகம் என்று நம் ஊர்ப் படிப்பாளிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது மேம்போக்கான பார்வை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் கவர்ச்சித் திட்டம் என்றுதான் ஏளனம் செய்தார்கள். பிறகு நாடே அதைப் பின்பற்றியது. பிள்ளைக்குச் சோறு போடுவதில் ஏமாற்று இல்லை. நடுவில் கட்சிக் கிளை வேண்டாம், ஊராட்சி வேண்டாம், விவாதம் வேண்டாம், தலைவர் ஒருவரே போதும் என்பதில்தான் ஏமாற்று இருக்கிறது.

மக்கள் ஒன்று என்பதும் பொய் என்று இந்த மாவட்டமே சொல்லும். தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்றுதான் பட்டியல் சாதி மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. அதுவும் ஆட்சியரும் காவல்துறையும் உடன் வந்ததால். தடுத்தவர்களும் அதே ஊர் மக்கள்தான். எந்த மக்களின் சார்பில் என்று கேட்டால் கவர்ச்சித் தலைவருக்கு வாய் வராது. பழைய கட்சிகளும் வாக்குக் கணக்குப் போட்டு அங்கே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நட்சத்திரத்தை நம்பிய மாற்றுகளின் கணக்கும் கையில் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் வெற்றியைப் பார்த்து வந்தவர்கள், அவர் தி.மு.க.வில் இருபதாண்டு வளர்ந்த கிளைகளையும் மன்றங்களையும் பிரித்துக்கொண்டு வந்தவர் என்பதை மறந்தார்கள். 2005இல் தொடங்கிய விஜயகாந்தின் தே.மு.தி.க. அடுத்த ஆண்டே தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. 2011இல் கூட்டணியில் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் ஓர் இடம்கூட இல்லை. ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31இல் வருவதாக அறிவித்து, மூன்றாண்டு காக்க வைத்து, வரவில்லை என்றார். விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் முதல் மாநாட்டை நடத்தியது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அவரைப் பார்க்கக் கூடிய நெரிசலில் 41 பேர் இறந்தனர். அவ்வளவு பேரை ஓரிடத்துக்கு இழுத்த ஏக்கத்தைக் கேலி செய்பவர்களுக்கு அந்த ரசீதுக் கட்டு தெரியாது.

இலங்கையில் வேறொன்று நடந்தது. 2022இல் அறகலய என்ற மக்கள் எழுச்சியில் அதிபர் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடினார். ஆனால் பயனடைந்தது நேற்று முளைத்த நாயகன் அல்ல. அரை நூற்றாண்டாகத் தொழிற்சங்கங்களையும் கிளைகளையும் வைத்திருந்த ஜே.வி.பி. கட்சிதான். அதன் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2020இல் 3 இடங்கள் வைத்திருந்தது; 2024 நவம்பரில் 225இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம். அந்த ஆட்சி தமிழர்களுக்கு என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. கசப்பை வாக்காக மாற்றிக்கொள்ள அமைப்பு வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் அந்த அமைப்புக்கு அடிப்படி ஊராட்சிதான். அந்தப் படியையே அடிக்கடி உருவி விடுகிறார்கள். 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் வரவில்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளும் தனி அலுவலர்களிடம் போயின. இரண்டு முறையும் ஆட்சியில் இருந்தவை வேறு வேறு கட்சிகள். தேர்தலைத் தள்ளிப்போடுவதில் மட்டும் வேறுபாடு இல்லை.

கிராம சபை மட்டும் சட்டப்படி நிற்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் அந்த ஆறு நாளும் சொந்த ஊர்ச் சபையில் உட்கார வேண்டும். வரவு செலவுக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோரித் தீர்மானம் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது.