வேலை முடிந்த கமிட்டியைக் கலையுங்கள்!

 

ஒரு காரியத்துக்குக் கமிட்டி போடுவது எளிது. காரியம் முடிந்ததும் அதைக் கலைப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தைப் பாருங்கள்.

அங்கே ஏழைகளுக்கான உணவு உதவி பல்லாண்டு காலம் காகிதக் கூப்பனாகவே கொடுக்கப்பட்டது. ஏழை, கல்லாவின் முன் நின்று நாலு பேர் பார்க்கக் கூப்பனை எண்ண வேண்டும். கடைக்காரர் அதைக் கட்டுக்கட்டாகப் பாங்குக்குச் சுமக்க வேண்டும். கூப்பனைக் குறைந்த விலைக்கு வாங்கும் கள்ளச் சந்தை வேறு! 1984ல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் கூப்பனுக்குப் பதிலாக மின்னணு அட்டையைச் சோதித்தார்கள். 1993ல் மேரிலாந்து மாநிலம் முழுவதும் அட்டை வந்தது. அதே ஆண்டு கிளிண்டன் அரசு, நாடெங்கும் இதைக் கொண்டுசெல்ல ஒரு மத்தியக் குழுவை அமைத்தது. 1994ல் குழுவின் அறிக்கை வந்தது. 2002 அக்டோபருக்குள் எல்லா மாநிலங்களும் மாறவேண்டுமென 1996ல் சட்டமே வந்தது. 2004ல் 50 மாநிலங்களும் மாறிவிட்டன. 2009 ஜூனோடு காகிதக் கூப்பன் செல்லாததாகிவிட்டது.

கரை சேர்ந்த பின் ஓடத்தைத் தலையில் சுமப்பானேன்? 'இருந்துவிட்டுப் போகட்டுமே, பிறகு உதவும்' என்பார்கள். உதவாது, சகோதரர்களே! பிறகு வந்த சோதனை வேறு விதமானது. கடை மெஷினில் திருட்டுக் கருவியைப் பொருத்தி, அட்டையின் காந்தப் பட்டையை நகலெடுத்து, ஏழையின் மாதப் பணத்தையே திருடினார்கள். பாங்கு அட்டைகளுக்குச் சிப் வந்த பிறகும் ஏழையின் அட்டைக்கு அது வரவில்லை. திருடுபோனதை ஈடுகட்ட 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டம் செய்தது. அந்த ஏற்பாடும் 2024 டிசம்பர் 20க்குப் பின் நடந்த திருட்டுகளுக்கு இல்லாமல் போயிற்று. 2025ல்தான் கலிபோர்னியா சிப் அட்டை வழங்கத் தொடங்கியது.

கூப்பனை ஒழிக்கப் போட்ட குழு வேறு, திருடனைத் தடுக்கும் வேலை வேறு. பழைய பெயர்ப்பலகை தொங்கும் வரை, 'அதற்குத்தான் ஒரு குழு இருக்கிறதே' என்று ஒவ்வொருவரும் தட்டிக் கழிப்பார்கள். பொறுப்பு யார் தலையிலும் விழாது.

ஆகவே கலையுங்கள். ஆனால் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கலையுங்கள். மிச்ச வேலை எது, பொறுப்பு யாருக்கு, கெடு எந்தத் தேதி? மூன்றையும் எழுதி வையுங்கள். பொதுப்பணம் அமானிதம். நம் ஊரில் நிவாரணக் கமிட்டி போடும்போதும், அது கலையும் நாளை முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்!