காலை ரயிலும் நீர் மாத்திரையும்



சேலையூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை. பிரஷருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவார். அட்டையைக் காட்டினார், பத்தில் எட்டு அப்படியே இருந்தன.

"அது நீர் மாத்திரைப்பா. காலையில போட்டா அடிக்கடி போகணும். தாம்பரத்துல ஏறினா பீச் போய்ச் சேர ஒரு மணி நேரம். வண்டியில பாத்ரூம் ஏது?"

எனக்குச் சுருக்கென்றது. நோயாளிகளுக்கு அலட்சியம் என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது மருந்துச் சீட்டு எழுதுகிறவரின் நினைவுக்கு வருவதில்லை; அக்காவும் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டர் வேளையை மாற்றியிருப்பார், அல்லது மருந்தையே மாற்றியிருப்பார். பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். இவற்றுக்கெல்லாம் வேறு மாத்திரை இருக்கிறது. வாய் திறக்காமல் நாமே நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து.

அதிலும் அம்லோடிபின் நம்மை நன்றாக ஏமாற்றும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். நிறுத்திய மறுநாள் பார்த்தால் பிரஷர் அளவு சரியாகவே இருக்கும். "மாத்திரை இல்லாமலே நார்மல்" என்று தோன்றும். அது நேற்றைய மாத்திரையின் வேலை. நாலைந்து நாள் கழித்து 140-ஐத் தாண்டி ஏறும்போது பெரும்பாலும் தலைவலிகூட வராது. அட்டெனலால் இன்னும் பொல்லாதது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணிடம் மிச்ச அட்டைகளை ஒளிக்காமல் எடுத்துக் காட்டுங்கள். ஏன் மிச்சம் என்றும் சொல்லுங்கள். ஒருவேளை மறந்துபோனால், மறுவேளை இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

அக்கா போன மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டார். இப்போது வேலை முடிந்து வீடு திரும்பி, காபிக்குமுன் நீர் மாத்திரை. ராத்திரி ஒருதரம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். "அதையும் அடுத்த தடவை கேட்டுட வேண்டியதுதான்" என்றார்.