கூழ்ப்பானைக்குள் மறைந்திருக்கும் நஞ்சு

(சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு ஆராதனையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில், கில்காலில் நடந்த ஒரு காரியத்தை வாசிக்கிறோம். பஞ்ச காலம். எலிசா கூழ் காய்ச்சச் சொல்லுகிறார். ஒருவன் வயல்வெளிக்குப் போய், இன்னதென்று அறியாமல் காட்டுக்காய்களைப் பறித்துவந்து பானையில் போடுகிறான். வாயில் வைத்த பிறகுதான் அதற்குள் சாவு இருப்பது தெரிகிறது. அவன் கெட்டவன் அல்ல. பசித்தவர்களைப் போஷிக்க நினைத்தவன். எலிசா அவனைக் கடிந்துகொண்டதாக வேதத்தில் இல்லை. மாவைக் கொண்டுவரச் சொல்லி, பானையின் தீங்கை நீக்கினார்.

இந்தப் பகுதியின் ஆழத்தை எங்கள் குழந்தைகள் வார்டில் கற்றுக்கொண்டோம். நாலு வயதுப் பையன் ஒருவன் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்த சோகையோடு வந்தான். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம். மூன்று மாதத்தில் வலிப்போடு திரும்பி வந்தான். அப்பொழுதுதான் ஒரு நர்ஸ் சகோதரி, "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற வேலை. கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது, ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது.

"ஐயா, எங்கள் பிள்ளைக்கு நாங்களே விஷம் வைத்துவிட்டோமா?" என்று தாய் அழுதார்கள். எலிசாவின் பானையைத்தான் அவர்களுக்குச் சொன்னோம். முதல் தடவை கேட்க வேண்டியதைக் கேட்காமல், அதே புழுதிக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியது நாங்கள். அதை ஆண்டவர் முன்பாகவும் அந்தத் தாயின் முன்பாகவும் அறிக்கையிட்டோம்.

ஈயம் உடம்புக்கு எந்த அளவிலும் நன்மையானதல்ல. உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகத்தைக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளுகிறது. அது மூளையைத் தாக்கி, எலும்பில் தங்கிவிடுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த ஏழைப் பிள்ளைகளையே அதிகமாய்ப் பிடிக்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக, 2020ஆம் ஆண்டு யூனிசெஃப் அறிக்கை கூறியது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2017 முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய சுவரில் உரியும் பெயிண்ட், மிதமிஞ்சிப் பளிச்சென்ற மஞ்சள், கண் மை ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கக்கூடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. காரீயம் கலந்திருந்தால் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும்.

அந்தப் பையனுக்கு, ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுத்தோம். வலிப்பு நின்றது. ஆனால் இழந்துபோன எல்லாவற்றையும் மருந்து திருப்பித் தராது. எழுத்துக்களைக் கற்க அவன் இன்னும் தடுமாறுகிறான். இதை உங்களுக்கு மறைக்க எங்களுக்கு மனமில்லை. அதனால்தான் வருமுன் காப்பதற்காக உங்களிடம் வந்திருக்கிறோம்.

கொட்டகை இப்பொழுது வீட்டைவிட்டுத் தூரப் போய்விட்டது. தகப்பன் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தொடுகிறார். அந்த உடைகளைத் தாய் தனியே துவைக்கிறார்கள். வீட்டை உலரப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். கேழ்வரகுக் கூழ், கீரை, நெல்லிக்காய் கொடுக்கிறார்கள். அவனுடைய தங்கைக்கு இரத்தத்தில் ஈயம் குறைந்துவருகிறது. அந்த ஒரு வரிக்காக தேவனுக்கு ஸ்தோத்திரம்!

இதே வேலை செய்யும் மற்ற வீடுகளுக்கும் எங்கள் நர்ஸ் சகோதரிகள் போக வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு உங்கள் காணிக்கை தேவை. எலிசா கொண்டுவரச் சொன்னது மாவுதான். உங்களால் இயன்ற பிடி மாவை அனுப்புங்கள். அந்தப் பையனையும் அவன் தங்கையையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.