ஒற்றைக்கால் தெய்வத்தின் மைந்தன்

1562ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், மெக்சிக்கோவின் யுக்கற்றான் பகுதியிலே மானி என்னும் ஊரில் மாயா மக்களின் ஏடுகள் தீக்கிரையாயின. தீயிடுவித்தவர் தியேகோ த லாந்தா என்னும் இஸ்பானியத் துறவி. மாயா ஏடுகளுள் இன்று எஞ்சியிருப்பவை நான்கே.

எனினும், அம்மக்களின் கதைகள் முற்றாக அழிந்தொழியவில்லை. குவாத்தமாலா மலைநாட்டில் வாழும் கிச்சே மாயரின் முன்னோர், தம் புராணத்தை இலத்தீன் எழுத்தில், ஆயினும் தம் மொழியிலேயே, எழுதிவைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமேனஸ் என்னும் பாதிரியார் அதனைப் படியெடுத்தார். 'பொப்பொல் வூ' எனப்படும் அந்நூலே, பாதாள வேந்தரைப் பந்தாட்டத்தாலும் மதிநுட்பத்தாலும் வென்ற இரட்டைச் சகோதரரின் கதையை நமக்குத் தந்தது. உலகைப் படைத்த ஹுராக்கான் என்னும் தெய்வத்தைக் கூறுவதும் அதுவே. அப்பெயருக்கு ஒற்றைக்காலன் என்று பொருள் கொள்வர்.

இத்தெய்வம் அண்மையில் இளையோர் புனைகதையொன்றிலே மீண்டும் தோன்றியது. ஜே. சி. செர்வாண்டிஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த ஸ்டோம் ரன்னர்' என்பதே அந்நூல். அதன் நாயகன் சேன், நியூ மெக்சிக்கோவில் வாழும் சிறுவன். அவனுக்கு ஒரு கால் குட்டை, கோலூன்றி நடப்பான், பிறர் நகைப்புக்கு அஞ்சி ஒதுங்குவான். தன் தந்தை ஹுராக்கானே என்பதைப் பின்னர் அறிகிறான். ஊனமென்று அவன் நாணிய கால், அவனுடைய குலத்தின் அடையாளமாகிறது.

பாட்டன் பாட்டியரின் தெய்வங்களைப் பாடநூலிலே காணாத பிள்ளைகள் பலர். தம் மரபு வெட்கத்திற்குரியதன்று என்பதை அவர்களுக்கு இத்தகைய கதைகள் உணர்த்துகின்றன. மானியில் மூண்ட தீயினால் அழிக்க இயலாது போனது இவ்வுணர்வையே.