புழுவுக்கு ஒரு மாதம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



வண்ணத்துப்பூச்சியின் வளர்ச்சியில் எத்தனை நிலைகள் என்று கேட்டால், நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் "நான்கு" என்பார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என வரிசையும் தவறாது. அதே பிள்ளைகள் இடைவேளையில் வேலியோரம் ஒரு புழுவைக் கண்டால், "கம்பளிப்பூச்சி!" என்று கத்தி, செருப்பால் நசுக்கிவிடுகிறார்கள். விடை சரிதான். அந்த விடையில் வரும் புழுதான் இது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

2019இல் தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அது மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் வாழ்வது. சமவெளிப் பிள்ளைகளுக்கு அதைப் படத்தில்தான் காட்ட முடியும். ஆனால் கறிவேப்பிலைச் செடியைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சி நம் பள்ளி வளாகத்திலேயே பறக்கிறது.

அந்தச் செடியின் தளிர்களைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை இருக்கும். அதிலிருந்து வரும் குட்டிப் புழு பறவை எச்சம்போலத் தெரியும். பறவைகளிடமிருந்து தப்பிக்க அது ஒரு வழி. வளர்ந்தபின் பச்சையாகி இலையோடு கலந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்புபோல் ஒன்றை நீட்டும். ரோமம் அடர்ந்த புழுவைத் தொடக் கூடாது, அது அரிக்கும். இந்தப் புழு அப்படியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அகன்ற வாயுள்ள டப்பா ஒன்றில் இலையோடு புழுவை வைத்து, மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். தினமும் புதிய இலை வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். கூடு கட்ட ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க வேண்டும். முட்டையிலிருந்து இறக்கை வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

"பாடவேளைக்கு எங்கே போவது?" என்பீர்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். அளவுகோலால் நீளம் பார்ப்பது கணக்கு. கண்டதை ஒரே வாக்கியமாக எழுதுவது தமிழ். கூட்டுப்புழு அசையாமல் கிடக்கும் நாள்களில் "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதினாலும் அது நல்ல வாக்கியமே. பார்த்ததை மட்டும் எழுதப் பழகும் பிள்ளை அறிவியலைத் தொடங்கிவிட்டது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. குளவி இனத்தைச் சேர்ந்த மிகச்சிறு பூச்சிகள் கூட்டமாக வெளியே வந்தன. ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், புத்தகத்துல தப்பாப் போட்டிருக்கா?"

புத்தகம் சரிதான், ஆனால் தோட்டத்தில் அதற்கு மேலும் நடக்கும் என்றேன். குளவி கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடுவதையும், அதன் குஞ்சுகள் உள்ளே தின்று வளர்வதையும் சொன்னேன். சில பிள்ளைகளுக்கு அழுகை வந்தது. ஒருத்தி, "அப்ப குளவிக்கும் சாப்பாடு வேணும்ல?" என்றாள். அன்று நான் நடத்த நினைத்த பாடத்தை அவளே நடத்திவிட்டாள்.

இறக்கை விரிந்து காய்ந்ததும் வண்ணத்துப்பூச்சியை அந்தச் செடியருகே பறக்கவிடுங்கள். வளர்த்துக் காட்டுவதோடு விட்டுவிடுவதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளின் குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவாருங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் கண்ணால் கண்டது அதில் இருக்கட்டும்.