இருவர் உத்தியோகம், ஒருவர் உயர்வு
(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)



உத்தியோகத்தில் ஒருவர் உயர வாழ்க்கைத்துணை எவ்வளவு தூரம் காரணம் என்று பேசச் சொன்னார்கள். என் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் சகதர்மிணியும் மும்பையில் ஒரே வங்கியில் குமாஸ்தாக்களாகச் சேர்ந்தோம். பரீட்சைகளை அவள்தான் முதலில் பாஸ் செய்தாள். ஆனால் ஆபீசர் பிரமோஷன் என்றால் வெளியூர் மாற்றல். வீட்டில் இரண்டு குழந்தைகள், வயதான என் தாயார். மூன்று முறை "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாள். நானோ நாக்பூர் போனேன், கௌஹாத்தி போனேன். உதவிப் பொது மேலாளராக ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் என் உழைப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். வீடு திரும்பும்போது, "நீயும் ஒரு தடவை எடுத்துக்கொண்டிருக்கலாமே" என்றேன். "நீங்களும் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரும் அவர் மனைவி லலிதாவும் சென்னை பிரெசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் படித்தவர்கள். 1936-இல் விவாகம். பிறகு ஆராய்ச்சி அவருடையது, குடும்பப் பொறுப்பு அந்த அம்மாளுடையது என்றாயிற்று. எம்.எஸ். அம்மாவுக்கோ கச்சேரி ஏற்பாடு முதல் எல்லாவற்றையும் கவனித்தவர் கணவர் சதாசிவம். ஆக, துணை நிற்பது பெண்ணுக்கு மட்டுமே விதித்ததல்ல.

தம்பதியரைக் கூடியவரை ஒரே ஊரில் நியமிக்க மத்திய சர்க்கார் 1986-இலேயே உத்தரவிட்டது. 2009-இல் அதை வலுப்படுத்தியது. குழந்தை வளர்ப்புக்காக 730 நாள் லீவு 2008-இல் வந்தது, அதுவும் பெண் ஊழியர்களுக்கு. மனைவியை இழந்தவர் போன்று தனியாகக் குழந்தை வளர்க்கும் தகப்பனாருக்கு அது கிடைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. மனைவி உள்ளவருக்கு இல்லை. குழந்தை என்றால் தாயார்தான் என்று சட்டமும் நினைக்கிறது!

வரன் பார்க்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ஜாதகம் பார்க்கிறோம், சம்பளம் விசாரிக்கிறோம். "ஒருவருக்கு மாற்றல் வந்தால் மற்றவர் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்துக் கேளுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

சென்ற மாதம் எங்கள் மாட்டுப்பெண்ணுக்குப் பதவி உயர்வுடன் ஹைதராபாத் மாற்றல் வந்தது. தயங்கினாள். பிள்ளை தன் ஆபீசில் அங்கே இடம் கேட்டிருக்கிறான். கிடைக்கும்வரை பேத்தியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருவரும் போகிறோம். முதலில் பெட்டி கட்டியது என் சகதர்மிணிதான்.