வீட்டுக் கணினிக்கு ஏற்ற காவல்

1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. இளந்தளிரைப் பற்றும் அந்நோய்க்குச் செம்பு கலந்த மருந்து தெளிக்கப்பட்டது. ஒருமுறை தெளித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. புதுத்தளிர் விடுந்தோறும் மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. கணினியைப் பற்றும் வைரஸுக்கும் இதுவே விதி. நாள்தோறும் புதியவை தோன்றுவதால், புதுப்பிக்கப்படாத காப்பு மென்பொருள் காவல் ஆகாது.

பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ லயத்து வீடொன்றில், பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்று வாங்கப்படுகிறது எனக் கொள்க. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திக் காப்பு மென்பொருளும் வாங்க வேண்டுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் ஈட்டிய பணமன்றோ அது!

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்னும் காப்பு உடன் அமைந்தே வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. ஜெர்மனியிலுள்ள ஏவி-டெஸ்ட் சோதனைக் கூடத்தின் தேர்வுகளில் அது விலைக்கு விற்கப்படுபவற்றோடு நிகராக நின்றுள்ளது. சாதாரண வீட்டுக்கு அதுவே போதும். அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் பழைய கணினி தளர்ந்துவிடும். கட்டண மென்பொருளின் திருட்டுப் பிரதியோ வைரஸையே உள்ளே அழைத்து வரக்கூடும்.

ஆயினும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. ஆகவே பழைய கணினி வாங்குவோர், அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என முதலில் வினவுதல் நன்று. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் வைரஸ் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனை ஏற்றாது விட்டவர்களே அல்லலுற்றனர்.

டேட்டாவுக்குச் செலவாகிறதென்று புதுப்பித்தலை நிறுத்திவைப்பது சிக்கனமன்று. வாரம் ஒருமுறையேனும் அதனைச் செய்தல் வேண்டும். அச்செடுக்கும் கடைக்குப் போய்வந்த பென் டிரைவைச் சோதித்த பின்னரே திறத்தல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, குடும்பப் படம் முதலியவற்றின் பிரதியொன்றைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கும் வேறொரு டிரைவிற் சேமித்தல் வேண்டும். எந்தக் காவலும் ஒருநாள் தவறலாம். அன்று கைகொடுப்பது அப்பிரதியே. மென்பொருளுக்கென ஒதுக்கிய பணம் இவற்றுக்குச் செலவாகுமாயின், அது நல்ல செலவே.